ஒற்றைப் புள்ளடி

ஏப்ரல் 12, 2026, ஞாயிறு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்தக் கொப்பியிடமா, நாளைக் காலை தூக்கம் போதாமல் எழும்பி எல்லோர் மீதும் எரிந்து விழப்போகும் என்னிடமா? ஆரணி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மறுபடியும் காது வலி. ஒரு வயது தாண்டி ஒரு மாதம்தான், அதற்குள் எத்தனை முறை மருந்து. மூச்சு சீராக இருக்கிறதா என்று எழும்பி எழும்பிப் போய்ப் பார்த்தேன். சுலக்சன் கட்டிலில் கிடந்தபடியே, "நிரூ, அவ மூச்சு விடுறா. நீர்தான் விடுறீரில்லை" என்றார். பகிடி. இருந்தும் இன்னொரு தரம் போய்ப் பார்த்தேன்.

எழுத வந்தது வேறு. அக்கா இன்று லண்டனில் இருந்து போன் எடுத்தாள். மே ஏழாம் திகதி அவர்களுடைய உள்ளூர் பரோ கவுன்சில் தேர்தலில் நிற்கிறாளாம்! துர்க்கா அக்கா! கடையில் பழுதான பாலை மாற்றித் தரச் சொல்லக்கூட வாய் வராதவள். அந்த வட்டாரத்தில் இரண்டு தவணை உறுப்பினராக இருக்கிற செலீன் என்ற பெண்தான் பிடித்து இழுத்துவிட்டாளாம். வாசிகசாலையை மூடப்போகிறார்கள் என்று முறையிடப் போன அக்காவைக் கூட்டத்தில் பேச வைத்து, கட்சிக்குள் கொண்டுவந்து, இப்போது இரண்டு பேரும் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டுகிறார்கள். வட்டாரத்துக்கு மூன்று இடம். கட்சிக்கு மூன்று வேட்பாளர்: செலீன், அக்கா, இன்னொருவர்.

"தோத்தா வெக்கமடி" என்றாள். பிறகு, "எங்கட ஆக்கள் இஞ்சை கனபேர் இருக்கினம். வோட் பண்ணப் போகாயினம். நீ ஊர்ச் சங்க வட்ஸ்அப் குழுவில இருக்கிறாய்தானே, எடுத்துப் போகச் சொல்லு. அவ்வளவுதான்" என்றாள்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. இதுவரை என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இதுதான் முதல் முறை.

ஏப்ரல் 14, செவ்வாய்

புத்தாண்டு. மகேஸ்வரன் அங்கிள் பயித்தம் பணியாரத்தோடு வந்தார். ஊர்ச் சங்கத் தலைவர். ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபுரோவின் அஜின்கோர்ட் பக்கம், எந்தப் புல்தரையில் எந்தத் தேர்தலுக்குப் பலகை நட்டார் என்று காட்டிக்கொண்டே கார் ஓட்டுகிற மனிசன். அக்கா நிற்கிறாள் என்றதும் பணியாரத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூண்டு இடம், ஒராளுக்கு மூண்டு புள்ளடி. அப்பிடியோ?" விரலால் மேசையில் மூன்று பெருக்கல் குறி போட்டுக் காட்டினார்.

"ஓம் அங்கிள்."

"அப்ப இது எங்கட விருப்பு வாக்கு மாதிரி, பிள்ளை. நீர் ஊரில போட்டனீரல்லோ? மூண்டு பேருக்குப் போடலாம். ஆனா கெட்டிக்காரன் என்ன செய்வான்? ஒராளுக்கு மட்டும் போடுவான். மற்ற ரெண்டையும் குடுத்தா ஆருக்குப் போகும்? பக்கத்தில நிக்கிறவைக்கு. எங்கட கையாலயே எங்கட பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளுவமே?"

"கட்சிக்கு நட்டம் வராதே அங்கிள்?"

"கட்சிக்கு விழுகிறது கட்சிக்கு விழும். அதை விடும். துர்க்காவுக்கு மட்டும், ஒற்றைப் புள்ளடி. அப்பிடிச் சொல்லும்."

யோசித்துப் பார்த்தேன். ஊரில், கோப்பாயில், நான் ஒரே ஒருமுறை போட்டிருக்கிறேன். முதலில் கட்சிச் சின்னத்துக்கு ஒரு புள்ளடி, பிறகு கீழே வேட்பாளர் இலக்கங்களில் விருப்பு வாக்கு. ஒருவருக்கு மட்டும் கொடுத்தாலும் கட்சியின் வாக்கு கட்சிக்குத்தான். இங்கே ரொறன்ரோவில் என்றால் வட்டாரத்துக்கு ஒரே ஆள், ஒரே புள்ளடி. எப்படிப் பார்த்தாலும் அங்கிள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது.

ஏப்ரல் 18, சனி

ஆரணி மத்தியானம் தூங்கும்போது லண்டனில் பின்னேரம். நல்ல நேரம். குழுவில் இருந்து அந்த வட்டாரத்து ஆட்களுக்கு ஒவ்வொருவராக எடுக்கிறேன்.

இன்று நாகேஸ்வரி அன்ரி. அக்கா வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறா.

"ஆர், பரமேசின்ர இளையவளே? குழந்தைக்கு எத்தினை பல்லு?"

"ஆறு, அன்ரி. அன்ரி, மே ஏழாம் திகதி..."

"உன்ர கொக்கா நிக்கிறாள், தெரியும். நோட்டீஸ் தந்தவள். வடிவா இருக்கிறாள் படத்தில. நான் இஞ்சை வந்து இருபது வரியம், ஒருநாளும் வோட் போடப் போனதில்லை. போனா என்ன கேப்பாங்கள்?"

"உங்கட படம் இருக்கிற பஸ் பாஸைக் காட்டினாப் போதும் அன்ரி. அக்காவின்ர பேருக்கு நேரே மட்டும் ஒரு புள்ளடி."

"ஒண்டு மட்டும் போட்டா பேப்பரைக் கழிச்சுப் போட மாட்டாங்களே?"

"இல்லை அன்ரி, செல்லும்."

"அந்தச் செலீன் மனுசியும் நல்ல மனுசியடி. என்ர அறைச் சுவர் முழுக்கப் பூஞ்சணம் பிடிச்சுக் கிடந்தது. அவதான் கவுன்சிலோடை சண்டை பிடிச்சு ஆள் அனுப்பினவ. அவவுக்கும் ஒண்டு போடட்டே?"

ஒரு கணம் தயங்கினேன். ஒரே ஒரு கணம்.

"இந்த முறை அக்காவுக்கு மட்டும் போடுங்கோ அன்ரி."

"சரி. நீ படிச்சனி, நீ சொன்னாச் சரி."

போனை வைத்தபோது மனம் இலேசாக இருந்தது. ஆரணி பிறந்ததில் இருந்து 'தொடாதே', 'வாயைத் திற', 'கெதியாப் படு' தவிர இந்த வாயால் வேறு ஏதாவது பேசினேனா? இன்று நான் சொன்னதை ஒருவர் கேட்டு, யோசித்து, சரி என்றார். அது எவ்வளவு பெரிய விசயம் என்று வீட்டிலேயே கிடக்கிற ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 24, வெள்ளி

காய்ச்சல் முப்பத்தொன்பது. இன்று ஒருவருக்கும் எடுக்கவில்லை. அதற்கும் எனக்குக் குற்றவுணர்வு வருகிறது. எதற்குத்தான் வராது?

ஏப்ரல் 29, புதன்

எல்லோருக்கும் தனித்தனியாக எடுத்து முடியவில்லை. அங்கிள் சொன்னபடி குரல்பதிவு ஒன்று செய்து குழுவில் போட்டேன். "துர்க்காவுக்கு மட்டும், ஒற்றைப் புள்ளடி. மற்றக் கட்டங்களை வெறுமையா விடுங்கோ." நானே திரும்பக் கேட்டேன். என் குரல் இவ்வளவு உறுதியாக இருக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது.

சுலக்சன் கோப்பை கழுவிக்கொண்டே கேட்டார்: "இதை அக்காட்டைக் கேட்டனீரோ?"

"எதை?"

"ஒராளுக்கு மட்டும் போடச் சொல்லுறதை. அவவின்ர கட்சியில நிக்கிற மற்ற ரெண்டு பேரும் இருக்கினம்தானே. It's kind of weird, நிரூ."

"உங்களுக்கு விருப்பு வாக்கைப் பற்றி என்ன தெரியும்? நாலு வயசில இஞ்சை வந்தனீங்கள்."

அவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். குழாயை மூடினார்.

ஏன் கேட்கவில்லை? கேட்டால் வேண்டாம் என்று சொல்வாள் என்றா? அக்காவுக்குத் தனக்காக ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. அதனால் அவளுக்காக நான் பிடிக்கிறேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மே 7, வியாழன்

வாக்குப்பதிவு. நாங்கள் எழும்பும்போதே அங்கே பாதி நாள் முடிந்திருந்தது. குழு முழுக்கப் படங்கள். நாகேஸ்வரி அன்ரி பள்ளிக்கூட வாசலில் சேலை கட்டி, மேலே குளிர்ச்சட்டை போட்டு, பஸ் பாஸை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறா. வாழ்க்கையில் வாக்களிக்காத எத்தனை பேர்! சில வீடுகளில் மூன்று தலைமுறையும் சேர்ந்து போயிருக்கிறார்கள்.

ஆரணி இன்று முதல்முறையாகச் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது விழுந்துவிட்டாள்.

மே 8, வெள்ளி

அக்கா வென்றுவிட்டாள்! முதலாம் இடம்! வட்டாரத்திலேயே ஆகக் கூடிய வாக்கு!

குழுவில் பட்டாசுப் படங்கள். மகேஸ்வரன் அங்கிள் எடுத்து, "பாத்தீரோ பிள்ளை, கணக்கு எப்பிடி வேலை செய்தது" என்று சிரித்தார். ஆரணியைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்க ஆடினேன்.

அக்கா எடுக்கவில்லை.

(பிறகு)

எடுத்தாள். பின்னேரம். வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன், விடவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை மாற்றிச் சொல்லிவிடுவேன்.

"எண்ணுற மேசைக்கு முன்னாலை செலீன் என்னோடைதான் நிண்டவா. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு. ஒற்றைப் புள்ளடிப் பேப்பர் வருகுது. ஒண்டு, இன்னொண்டு, பிறகு கட்டுக் கட்டா. எல்லாத்திலயும் என்ர பேருக்கு மட்டும். அவவுக்கு விளங்கிட்டுது. பிடிச்சிருந்த கையை விட்டிட்டா."

செலீன் நாலாம் இடம். இருபதுக்கும் குறைந்த வாக்கால் தோற்றுவிட்டாள். கட்சியின் மூன்றாவது வேட்பாளரும் தோல்வி. மீதி இரண்டு இடமும் எதிர்க்கட்சிக்கு.

"நீயடி? நீ சொன்னனியே அப்பிடிப் போடச் சொல்லி?"

ஓம் என்றேன். விருப்பு வாக்கு என்று ஏதோ உளறினேன்.

"இஞ்சை கட்சிக்கெண்டு தனிய வாக்கு இல்லை, நிரூபா. அந்த மூண்டு புள்ளடியும்தான் கட்சி. வெறுமையா விட்டது விட்டதுதான். அவவின்ரதைப் பறிச்சு எனக்குத் தந்திருக்கிறாய்."

நிரூபா என்றாள். நிரூ இல்லை.

மே 9, சனி

இவ்வளவு சின்ன விசயம். அக்காவிடம் ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே.

மே 13, புதன்

அக்காவுக்கு எடுத்தால் மணி அடிக்கிறது, பதில் சொல்கிறாள் இல்லை. நாகேஸ்வரி அன்ரிதான் சொன்னா. கட்சிக்காரர் நடுவே ஒரே கதையாம். துர்க்கா வெளியில் மூன்று பேருக்கும் போடுங்கள் என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, தன் மொழியில் தன் ஆட்களிடம் தனக்கு மட்டும் போடச் சொன்னாளாம். யாரோ என் குரல்பதிவைக் கொண்டுபோய் மொழிபெயர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அக்காவின் குரலும் என் குரலும் ஒரே மாதிரி. அது அவளேதான் என்று கட்சியில் பாதிப் பேர் நம்புகிறார்களாம். செலீனும் நம்புகிறாளாம்.

"கூட்டத்துக்குப் போனா ஒருத்தரும் அவளுக்குப் பக்கத்தில இருக்கினமில்லையாம் பிள்ளை. என்ன கோதாரி இது? நாங்கள் நல்லதுக்குத்தானே போட்டனாங்கள்?"

நல்லதுக்குத்தான் அன்ரி என்றேன். வேறென்ன சொல்ல? செலீனுக்குப் போட வேண்டாம் என்று அவவிடம் சொன்னதும் நான்தானே.

தன்னுடைய குரல் இல்லை, தங்கச்சியுடையது என்று அக்கா ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை? என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றா? அப்படியென்றால் அதைவிடக் கொடுமை வேறில்லை. நான் செய்ததை அவள் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

மே 17, ஞாயிறு

அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. ஊர்ச் சங்கம் அக்காவின் வெற்றிக்கு விருந்து வைத்தது. போகாமல் இருக்கப் பார்த்தேன். ஆனால் அங்கிள் பேசப்போவது என்ன என்று சுலக்சனிடம் முன்கூட்டியே பெருமையாகச் சொல்லியிருந்தார்: "ஸ்காபுரோவில இருந்து ஒற்றைப் புள்ளடியால லண்டனை வெண்ட கதை." அதைத் தமிழ்ப் பத்திரிகையிலும் போடப்போகிறாராம், படத்தோடு. அது அக்காவுக்கு இன்னுமொரு அடி.

பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன்.

"அங்கிள், அதைப் பேச வேண்டாம்."

"ஏன் பிள்ளை, வெக்கமே? உம்மட பேரும் சொல்லுவன்."

"அங்க கட்சிக்குத் தனி வாக்கு இல்லையாம் அங்கிள். புள்ளடிதான் எல்லாம். செலீன் எண்ட மனுசி தோத்தது எங்களாலை. அக்காவை இப்ப கள்ளி எண்டு பாக்கினம்."

முதலில் சிரித்தார். "அரசியல் எண்டா ஆரோ தோக்கத்தானே வேணும்." நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய முகம் மெல்ல மாறியது. வாழ்நாள் முழுக்கத் தேர்தல் தேர்தல் என்று திரிந்த மனிசன்.

"உண்மையாவோ? என்னட்டை ஒருத்தரும் சொல்லேல்லையே."

"நாங்கள் கேக்கேல்லை அங்கிள்."

பேச்சு எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு எழும்பி ஒலிவாங்கியில், "எங்கட துர்க்காவுக்கு வாழ்த்துகள். சாப்பிடுவம்" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டார். ஐந்து நிமிடப் பேச்சுக்குக் காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்னைக் கடந்து போகும்போது தாழ்ந்த குரலில், "சோறு ஆறுது, இருந்து சாப்பிடும்" என்றார். கோபமா, வெட்கமா, தெரியவில்லை. இரண்டும்தான் போல.

மே 21, வியாழன்

அக்காவிடம் இருந்து ஒரு வரி: "பிசி. பிள்ளைக்குக் காது எப்பிடி?" சுகம் என்று போட்டேன். வேறு என்னென்னவோ தட்டி, தட்டி, எல்லாவற்றையும் அழித்தேன்.

மே 24, ஞாயிறு

செலீனுக்கு எழுதிவிட்டேன். குழுவில் கிடந்த தேர்தல் நோட்டீஸ் படத்தில் அவளுடைய மின்னஞ்சல் இருந்தது. நாலு பின்னேரம் எடுத்தது. என் ஆங்கிலம் அலுவலகத்துக்குப் போதும், மன்னிப்புக் கேட்கப் போதாது. கடைசியில் எல்லா அலங்காரத்தையும் வெட்டி எறிந்தேன். அது என் குரல். அக்கா சொன்னது ஆட்களைப் போகச் சொல் என்று மட்டும். மீதி எல்லாம் நான். உங்களுக்கும் ஒன்று போடட்டுமா என்று கேட்ட ஒரு அம்மாவை வேண்டாம் என்று தடுத்ததும் நான். எங்கள் நாட்டு முறையை நினைத்து இப்படிச் செய்தேன். அது காரணம், தப்பிக்கிற சாட்டு இல்லை.

"அக்காட்டைக் கேட்டனீரோ?" என்றார் சுலக்சன். மறுபடியும் அதே கேள்வி.

இல்லை. இந்த முறையும் கேட்கவில்லை. கேட்டால் அனுப்ப விடமாட்டாள். இது அதே பிழையா, வேறா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

மே 30, சனி

பதில் இல்லை. ஆரணி என் கையை உதறிவிட்டுத் தானாகப் படி ஏறுகிறாள். பின்னால் கையை விரித்துக்கொண்டே நிற்கிறேன்.

ஜூன் 9, செவ்வாய்

செலீன் எழுதியிருக்கிறாள்.

என் கடிதத்தை வாசித்துவிட்டு மூன்று நாள் கோபமாக இருந்தாளாம். அதை மறைக்க விருப்பமில்லை என்கிறாள். எண்ணும் மண்டபத்து வாசலிலேயே அக்காவிடம் கேட்டாளாம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அக்கா சொன்னதை நம்பவில்லையாம். "அதற்கு நான்தான் உன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை நீ எனக்காகச் செய்ய வேண்டாம், நானே போகிறேன்" என்று எழுதியிருக்கிறாள். என் கடிதத்தைக் கட்சிக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியும் இருக்கிறாள். ஒருவர், கனடாவில் இருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சி பிடித்த வாக்கை இங்கே நம்மில் ஒருவரும் பிடிக்கவில்லையே என்றாராம். சிரித்தார்களாம். நான் பிள்ளைத்தாய்ச்சி இல்லை, பிள்ளை பிறந்து விட்டது. திருத்தப் போவதில்லை.

கடைசிப் பந்தியைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அவளைத் தோற்கடித்து மூன்றாம் இடத்துக்கு வந்த எதிர்க்கட்சிப் பெடியன் வேட்பாளர் பட்டியலை நிரப்புவதற்காக மட்டும் நின்றவனாம். வெல்வான் என்று அவனும் நினைக்கவில்லை, அவன் கட்சியும் நினைக்கவில்லை. வேலையை விட முடியாது என்று பதவியை உதறிவிட்டான். ஜூலை 16 இடைத்தேர்தல். செலீன் நிற்கிறாள். ஓர் இடம். ஒரு புள்ளடி.

"அன்று முதல்முறையாக வாக்களிக்க வந்த உங்கள் மக்களோடு பேச எனக்கு மொழி இல்லை. உன்னிடம் இருக்கிறது. மறுபடி பேசுவாயா? உன் அக்கா சம்மதித்தால் மட்டும்."

ஜூன் 10, புதன்

அக்கா,

இந்தப் பக்கத்தைக் கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். போனில் தட்டினால் அழித்துவிடுவேன், அதனால்தான்.

செலீனுக்கு நான் எழுதியது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். உன்னைக் கேட்கவில்லை. அதற்கு நீ ஏசலாம், ஏச வேண்டும். அந்தக் குரல் என்னுடையது என்று நீ ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தாய். நீ வென்ற நாளே உனக்கு இல்லாமல் போனது என்னால்தான். அதை நான் திருப்பித் தர முடியாது.

செலீன் என்னை மறுபடி எல்லோருக்கும் எடுக்கச் சொல்கிறாள். எனக்கு விருப்பம். இந்த முறை அந்த மனுசிக்காக எடுக்க விருப்பம். ஆனால் அது உன்னுடைய வட்டாரம், உன்னுடைய ஆட்கள், உன்னுடைய பெயர். நீ ஓம் என்று சொல்லும்வரை ஒருவருக்கும் எடுக்கமாட்டேன். நாகேஸ்வரி அன்ரிக்குக்கூட. மகேஸ்வரன் அங்கிள் தானும் உதவி செய்யலாமோ என்று கேட்டார். துர்க்கா சொல்லட்டும் என்றேன். "அது சரி, கேட்டுச் செய்வம்" என்றார்.

என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்றும் நீயே எழுதித் தா. சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்கிறேன்.

வேண்டாம் என்றாலும் சொல்லு. கோபம் என்றாலும் சொல்லு. ஆரணி இப்போது ஓடுகிறாள், உனக்குக் காட்ட வேண்டும்.

கெதியாப் பதில் போடு அக்கா.

நிரூ